நாற்பது லேப மரங்கள்

முத்தையனார் காட்டின் விலை ஏழாயிரத்து நானூறு ரூபாய். சாமியும் மண் குதிரைகளும் விலையில் சேராது. பாம்புகள் சேரும்.

இந்த விலைக்கு வந்து சேர மூன்று டீ ஆயிற்று. நான் ஆறாயிரத்தில் தொடங்கினேன். தர்மகர்த்தா தட்சணாமூர்த்தி ஒன்பதாயிரத்தில் தொடங்கினார். நான் இரண்டு முறை எழுந்து செருப்பைத் தேடினேன். அவர் ஒரு முறை சாமி பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். இதெல்லாம் பேரத்தில் உள்ளதுதான், யாரும் மனத்தில் வைத்துக்கொள்வதில்லை. ஏழாயிரத்து நானூறு என்றதும் இரண்டு பேருக்கும் ஏமாந்த முகம் வந்தது. விலை சரி என்பதற்கு வேறு அடையாளம் கிடையாது.

மரக்காணம் கடைத்தெருவில் எனக்கு விறகுத்தொட்டி. சகாதேவன் தொட்டி என்றால் பாண்டிச்சேரி ரொட்டிக்கடைக்காரர்கள் வரை தெரியும். சவுக்கு விறகு கல்யாண வீட்டுச் சொந்தக்காரன் மாதிரி; ஆர்ப்பாட்டமாக வரும், சீக்கிரம் போய்விடும். வீரையும் பாலையும் அப்படியில்லை. ஒரு கட்டை அடுப்பில் போனால் இரண்டு பந்தி எழுந்து போகும் வரை அணையாது. இந்தக் கடற்கரையில் அந்த ஜாதி மரம் மிச்சம் இருந்தது முத்தையனார் காட்டில் மட்டும்தான். உப்பளங்களுக்கு மேற்கே, கழுவெளி ஏரிக்குப் போகும் வண்டிப்பாதையில் நாலு ஏக்கர். உப்பு வெள்ளையாக விரிந்து கிடக்கும்போது தூரத்திலிருந்து பார்த்தால் சலவை வேட்டியில் மை கொட்டினது போல இருக்கும்.

விலை பேசியாயிற்று. ஆனால் வெட்ட முடியாது.

அந்தக் காட்டில் மூன்று பாத்தியதை உண்டு. நின்றது சாமிக்கு. விழுந்தது தெய்வநாயகிக்கு. நின்றபடியே பட்டுப்போனது ஊருக்கு. தெய்வநாயகி என்பவள் செத்துப்போன பூசாரியின் மனைவி. அவளுக்குச் சம்பளம் கிடையாது. உதிர்ந்த பழம், சருகு, சுள்ளி, காற்றில் முறிந்த கிளை எல்லாம் அவளுடையது. பாலைப்பழத்தைக் கூடையில் கொண்டு வருவாள். சுள்ளியைக் கட்டிக் கொண்டுவந்து, என் தொட்டிக்கு நேர் எதிரில், கட்டுக்கு நாலணா குறைத்து விற்பாள். பச்சை மரத்தில் யாரும் கத்தி வைக்கக் கூடாது. பட்ட மரத்தை மட்டும் ஊர் விற்றுக்கொள்ளலாம்.

தட்சணாமூர்த்திக்குக் கோயில் முன்னால் சிமெண்டு மண்டபம் கட்டி அதில் தன் பெயரைக் கல்லில் பார்க்க வேண்டும். அவர் வக்கீல் வீட்டுக்குப் பக்கத்து வீடு. பிடித்தார் ஒரு பாயிண்டு.

"பட்ட மரத்த விக்கலாம், இல்லியா? காடே பட்டுப்போயிருந்தா?"

"காடு எப்பிடிங்க பட்டுப்போவும்?" என்று கேட்டேன். வாங்குகிறவன் முதலில் முட்டாளாகத்தான் இருக்க வேண்டும்.

"பொறக்கறத விட சாவறது அதிகமா இருந்தா பட்டுப்போன குடும்பந்தானப்பா அது. ஆளுங்க நடமாடினா என்ன?"

அதற்கு ஆதாரமும் அவர் வீட்டுப் பீரோவில் இருந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால், எழுபத்து நாலில், காலேஜிலிருந்து ஒரு புரொபசரும் கல்கத்தாப் பக்கத்து மாணவன் ஒருவனும் வந்து, காட்டைக் கயிறு கட்டி நாற்பது கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு மரத்துக்கும் சிவப்புப் பெயிண்டில் வளையம் போட்டு எண்ணினார்கள். மறுபடி எண்ண வருவதாகச் சொல்லி நோட்டின் நகல் ஒன்றை ஊருக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். வரவில்லை. நோட்டு முழுக்க இங்கிலீஷ். கடைசிப் பக்கத்தில் மொத்தம்: 1,316 மரம்.

ஊர்க்கூட்டத்தில் முடிவாயிற்று. அதே மாதிரி மறுபடி எண்ணுவது. ஒரு மரம் குறைந்தாலும் காடு தேய்கிறது என்று அர்த்தம். முழுக்காடும் பட்ட மரக் கணக்கில் எனக்கு. சமமாகவோ கூடுதலாகவோ இருந்தால் நான் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட வேண்டும். ஊர் சார்பில் ஸ்கூல் வாத்தியார் அரசப்பன். வாங்குகிறவன் சார்பில் நான். சாமி சார்பில் யாரும் முன்வராததால் தெய்வநாயகி.

"காடு போச்சுன்னா எனக்கு விழறதுக்கு என்னா இருக்குது?" என்று கூட்டத்தில் அவள் ஒரே கேள்விதான் கேட்டாள்.

தை கடைசியில் எண்ண ஆரம்பித்தோம். முதல் மரத்திலேயே தகராறு. நெஞ்சு உயரத்தில் மரத்தைச் சுற்றிக் கயிறு போட வேண்டும், ஓர் அடியோ அதற்கு மேலோ இருந்தால்தான் மரம், குறைந்தால் கன்று, கணக்கில் சேராது என்று வாத்தியார் நோட்டைப் பார்த்துச் சொன்னார்.

"யாரு நெஞ்சு?" என்றாள் தெய்வநாயகி.

நான் ஆறடி. அவள் ஐந்தடிக்குள். மரம் மேலே போகப் போக இளைக்கும். என் நெஞ்சுக்கு அளந்தால் கன்றாக இருப்பது அவள் நெஞ்சுக்கு அளந்தால் மரமாகிவிடும். இந்த ஒரு சாண் வித்தியாசத்தில் நூறு மரம் புரளும் என்பது எனக்குப் புரிந்த அதே நொடியில் அவளுக்கும் புரிந்துவிட்டது.

"வாங்கறவன் நெஞ்சுதாங்க கணக்கு" என்றேன்.

"வாங்கறவனுக்கு நெஞ்சு ஏது? பைதான இருக்குது."

வாத்தியார் நோட்டைப் புரட்டி, 'நாலரை அடி' என்று ஒரு மூலையில் எழுதியிருந்ததைக் கண்டுபிடித்தார். மூங்கில் கழி ஒன்றை அந்த அளவுக்கு வெட்டி, இனி இதுதான் எல்லோருக்கும் நெஞ்சு என்றார்.

அடுத்த தகராறு, செத்தது எது என்பதில். இலையே இல்லாத ஒரு வீரையைக் காட்டி, "இது போச்சு, எழுதிக்குங்க" என்றேன். தெய்வநாயகி கிட்டே போய்ப் பட்டையை நகத்தால் கீறினாள். உள்ளே பச்சை.

"காய்ச்சல்ல படுத்தா உன்ன பாடையில கட்டிடலாமா தொட்டிக்காரரே?"

இப்படியே பத்தொன்பது நாள். காலையில் வெயில் ஏறும் முன் போவது, உச்சிப் பொழுதில் திரும்புவது. சரக்கு என்றால் எனக்குத் தெரியும். வந்தது, போனது, இருப்பு. திண்டிவனத்தில் அப்பாவின் தானிய மண்டியில் எட்டு வயதில் உட்கார்ந்தவன் நான். ஆனால் இந்தக் காட்டில் வரவு எது செலவு எது என்று ஐந்தாம் நாளே எனக்குக் குழம்பிவிட்டது.

ஒரு பெரிய வீரையின் அடியில் புல் முளைத்தது போல நாற்று. ஒரு துண்டு விரிக்கிற இடத்தில் இருநூறு எண்ணினேன். இதெல்லாம் மரமாகிவிட்டால் என் வியாபாரம் என்ன ஆவது?

"அதுங்களா?" என்றாள் தெய்வநாயகி. "ஆடி வரைக்கும் நிக்காது. தாய் காலடியில ஒண்ணும் தேறாது. வவ்வால் தின்னுட்டு எங்கியோ போய் துப்புது பாரு, அது தேறும்."

"அப்ப எதுக்கு இத்தினி முளைக்குது?"

"அத அதுகிட்ட கேளு."

இருநூறு முதல் போட்டு, இங்கே அத்தனையும் நஷ்டம். எங்கோ போய் விழுந்த ஒன்று மட்டும் லாபம். எந்த வியாபாரியும் இப்படித் தொழில் செய்ய மாட்டான். செய்தால் அவன் அண்ணன் தம்பிகள் கோர்ட்டுக்குப் போய்விடுவார்கள்.

இன்னொரு இடத்தில் மணிக்கட்டு மொத்தத்தில் ஒரு காசா மரம் நின்றது. கயிறு போட்டோம்; ஓர் அடிக்கு வெகு தூரம். "போன வருஷத்துக் கன்னு போல" என்றேன்.

"எம் மூத்த பொண்ணு வயசு அதுக்கு. இருபது."

"இருபது வருஷமாவா இந்த மொத்தம்?"

"எடம் கெடைக்கல. மேல இருக்கறது விழற வரைக்கும் இது மூச்ச புடிச்சிகிட்டு நிக்கும். விழலன்னா நின்னபடியே போயிடும்."

கிழவர் கண்ணை மூடினால்தான் மகன் கல்லாவில் உட்காரலாம் என்று காத்திருக்கிற மண்டி மகன்களை எனக்குத் தெரியும். இருபது வருஷம் அப்படி நின்று பார்த்துவிட்டுத்தான் நான் மரக்காணத்துக்கு வந்தேன். அதனால் அந்த மரத்தை எழுதாமல் விடும்போது ஒரு மாதிரி இருந்தது. விட்டேன்.

இரண்டு வருஷத்துக்கு முந்திய ஐப்பசியில் ஒரு பெருங்காற்று அடித்ததே, அதில் விழுந்த பெரிய மரங்களைத்தான் நான் நம்பியிருந்தேன். விழுந்த ஒவ்வொன்றும் எனக்கு ஒரு வரவு. ஆனால் பெரிசு விழுந்த இடத்திலெல்லாம் மேலே வானம் திறந்திருந்தது. அந்த வெளிச்சத்தில், அதுவரை மூச்சைப் பிடித்து நின்றவை ஒன்றுக்கு நாலாக ஓர் அடியைத் தாண்டி நின்றன. வளையம் இல்லாத புது மரங்கள். வாத்தியார் எழுதிக்கொண்டே போனார். ஒரு சாவை நான் சந்தோஷமாகச் சொல்லி வாய் மூடுவதற்குள் தெய்வநாயகி மூன்று பிறப்பைச் சொல்லிவிடுவாள். சாவு அதிகமானால் காட்டுக்கு நஷ்டமா, வரவா? எனக்குச் சாவு வேண்டும். ஆனால் ரொம்ப வேண்டுமா என்று சந்தேகம் வந்துவிட்டது.

பதினோராம் கட்டத்தில் காற்றில் சாய்ந்த ஒரு பாலை கிடந்தது. வேர்ப்பாதி மண்ணுக்கு வெளியே. ஆனால் கிடந்த உடம்பின் மேல் வரிசையாக ஏழு துளிர், ஆள் உயரத்துக்கு, குழந்தைகள் பஸ்ஸுக்கு நிற்பது போல.

"செத்தது ஒண்ணு" என்றேன்.

"உயிரோட ஒண்ணு" என்றார் வாத்தியார், நிச்சயமில்லாமல். "இல்ல, ஏழா? துளிர் ஒண்ணும் அடி இல்லியே."

"விழுந்தது அக்காவுக்குத்தான் சொந்தம்" என்று தெய்வநாயகியைப் பார்த்துச் சொன்னேன். "எடுத்துக்க அக்கா. ரெண்டு வண்டி வெறகு. நானே வெலைக்கு எடுத்துக்கறேன்."

அது நல்ல தூண்டில். விழுந்தது என்று அவள் எடுத்துக்கொண்டால் அது மரக் கணக்கில் வராது. இரண்டு வண்டி பாலை விறகென்றால் அவளுக்கு நாலு மாதச் சாப்பாடு. அவள் அந்த மரத்தைச் சுற்றி ஒரு தரம் நடந்தாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

"இது விழல. படுத்துருக்குது. உயிரோட ஒண்ணுன்னு எழுதுங்க வாத்தியாரே."

எழுதினார்.

கடைசி நாள் கூட்டினபோது 1,298 வந்தது. இரண்டு முறை கூட்டினோம். நோட்டில் 1,316. பதினெட்டுக் குறைவு. நான் துள்ளிக் குதிக்கவில்லை. ஜெயித்தவன் கடை வாசலில் சிரிக்கக் கூடாது என்பது அப்பா கற்றுக் கொடுத்தது.

பதினெட்டுதானே, எண்ணுவதில் தவறியிருக்கலாம் என்று ஊரில் இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். அப்போதுதான் வாத்தியார் மர ஜாதிவாரியாக ஒப்பிட்டுப் பார்த்து ஒரு குண்டைப் போட்டார்.

"வீர, காசா, பால, குருந்து எல்லாம் கொஞ்சம் முன்ன பின்ன இருக்குது. ஆனா லேபம்னு ஒரு மரம். அப்ப நாப்பது இருந்துச்சாம். இப்ப ஒண்ணு கூட இல்ல."

"என்னா மரம்?" என்றார் தட்சணாமூர்த்தி.

வாத்தியார் நோட்டைத் தூக்கிக் காட்டினார். எல், ஏ, பி, ஏ, எம். "லேபிள்னு வர்ற மாதிரி லேபம்."

கோயில் முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எழுபது வயது சுப்ராயன் தொண்டையைக் கனைத்தார்.

"லேப மரந்தான? எங்க பாட்டன் காலத்துல லேபத்துலதான் ஏர் செய்வாங்க. உளுக்காது."

"பட்ட செவப்பா இருக்குமே, அதுவா?" என்று ஒருவன் கேட்டான்.

"அதேதான். அதேதான்."

வாத்தியார் மேலும் படித்தார். ஒரு கட்டத்துக்குச் சரியாக ஒரு லேபம். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஒவ்வொரு கட்டத்திலும் முதல் வரி லேபம்.

"நட்டு வச்ச மாதிரி இல்ல இருக்குது!"

"சாமி நட்டதுப்பா. காவலுக்கு."

இன்னொன்று: மற்ற மரங்களுக்கெல்லாம் சுற்றளவு எழுதியிருந்தது. லேபத்துக்கு மட்டும் எழுதவில்லை.

"கயிறு பத்தியிருக்காது" என்றார் சுப்ராயன். "அம்மாம் பெருசு."

நாற்பது ராட்சச மரங்கள் நாலு வருஷத்தில், ஓர் அடிக்கட்டை கூட மிச்சம் இல்லாமல் போய்விட்டன. ஒரு ஜாதியே அழிந்துவிட்டது. காடு செத்துப்போனதற்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்றார் தட்சணாமூர்த்தி. பங்குனி இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை பணம் கைமாறுவதென்று முடிவாயிற்று.

தெய்வநாயகி எழுந்து நின்றாள். "இந்தக் காட்டுல லேபம்னு ஒரு மரம் கெடையாது. நான் பொறுக்காத எல இங்க இல்ல."

"நீ பெருசா, நோட்டு பெருசா?" என்றார் தர்மகர்த்தா. "காலேஜ்ல அச்சுல போட்டுருப்பாங்க."

இரண்டு நாள் கழித்து அவள் என் தொட்டிக்கு வந்தாள். சுள்ளிக் கட்டு இல்லாமல் வந்தாள். கையில் ஒரு பிடி சருகு.

"நீ பல ஊரு மரம் பாத்தவன். மறைக்காம சொல்லு. லேபம் நீ பாத்துருக்கியா?"

"இல்லக்கா."

"அப்ப எனக்குத்தான் புத்தி போச்சா? இருபத்தெட்டு வருஷம் பொறுக்கியிருக்கேன். நாப்பது மரத்து எல விழுந்திருக்கணுமே. யாரு பொறுக்கினது?" சருகை என் தராசுத் தட்டில் போட்டு விரலால் கிளறினாள். "இதுல ஒண்ணு தெரியாத எல இருக்குதான்னு பாரு. ரெண்டு நாளா பாக்கறேன். சில நேரம் எல்லாமே தெரியாத எல மாதிரி இருக்குது."

நானும் பார்த்தேன். வீரை, காசா, குருந்து, பாலை. எனக்கும் அது ஒரு மாதிரிதான் இருந்தது. கயிறு பற்றாத நாற்பது மரத்தை வெட்டிக்கொண்டு போனவன் யாராக இருந்தாலும் விறகுத் தொழிலில் எனக்குத் தெரியாமல் இருக்க முடியாது.

பணம் கட்டுவதற்கு முதல் நாள், விறகு ஏற்ற லாரி பேசுவதற்காக உப்பளத்துப் பக்கம் போனேன். கலியன் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தான். அளத்தில் லாரிக்கு உப்பு ஏறும்போது எண்ணிச் சொல்வது அவன் வேலை. முப்பது வருஷமாக அதுதான். தோளில் போகிற ஒவ்வொரு மூட்டையையும் தொட்டுச் சொல்வான்.

"லாபம்... ரெண்டு... மூணு... நாலு..."

எனக்கு எதுவும் தோன்றவில்லை. எங்கள் தொழிலில் எதை அளந்தாலும் எதை எண்ணினாலும் முதலாவது 'லாபம்'தான். ஒன்று என்று ஆரம்பித்தால் ஒற்றையாய் நிற்கும் என்பார்கள். காக்கை கத்துவதைக் கேட்டு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அப்படித்தான் நானும் நின்றேன். லாரி கிளம்பியதும் கலியன் பீடி கேட்டான்; கொடுத்துவிட்டு நானும் ஒன்று பற்ற வைத்தேன்.

"காடு வாங்கறீங்களாமே. அந்தக் காட்ட மொதல்ல எண்ணினவனே நான்தான், தெரியுமா?"

"நீயா?"

"காலேஜ் பையன் வந்தான் இல்ல. உப்பு எண்ணறவன் தப்பு பண்ண மாட்டான்னு புரொபசரு என்னத்தான் கூப்டாரு. நான் மரத்த தொட்டுத் தொட்டு சொல்லுவேன், பையன் எழுதிக்குவான். நல்ல பையன். தமிழே தெரியாது. வாழப்பழம் வாங்கி வாங்கி ரெண்டு, மூணு, நாலு மட்டும் தெரியும்."

"எப்பிடி சொல்லுவ?"

அவன் பக்கத்தில் கிடந்த காலி மூட்டைகளைத் தொட்டுக் காட்டினான். "லாபம், வீர. ரெண்டு, காசா. மூணு, காசா. நாலு, குருந்து. ஒரு கட்டம் முடிஞ்சா அடுத்த கட்டத்துக்கு மறுபடி லாபம்."

பீடி என் கையில் அணைந்துவிட்டது.

பையனுக்குத் தெரிந்த எண்களை அவன் எழுதவில்லை. மரத்தின் பெயரை மட்டும் எழுதினான். லாபம் என்பது எண் என்று அவனுக்கு யார் சொல்வது? ஒவ்வொரு கட்டத்திலும் முதலில் கேட்ட சொல்லை ஒரு மரமாக எழுதி, அளக்க மரத்தைக் காணாமல் சுற்றளவைக் காலியாக விட்டிருக்கிறான். நாற்பது கட்டம், நாற்பது லாபம். கலியன் பிறப்பித்த மரங்கள் அவை. அதனால்தான் சருகு விழவில்லை.

வரப்பில் உட்கார்ந்து உப்பின் மேல் குச்சியால் போட்டுப் பார்த்தேன். 1,316இல் நாற்பது போனால் 1,276. இப்போது இருப்பது 1,298. காடு தேயவில்லை, இருபத்திரண்டு மரம் கூடியிருக்கிறது. காலால் அழித்தேன்.

"கலியா, நாளைக்கு லாரியோட திண்டிவனம் போயிட்டு வா. அங்க ஒரு சரக்க எண்ணணும். ரெண்டு நாள் கூலி."

"நாளைக்கு ஞாயித்துக்கெழம ஆச்சே."

"மூணு நாள் கூலி."

சந்தோஷமாகச் சம்மதித்தான். அவன் சந்தோஷம் எனக்குப் பிடிக்கவில்லை. ஒருவனை ஏமாற்றும்போது அவன் கொஞ்சமாவது பேரம் பேச வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஊர் முழுவதும் கோயில் முன்னால் கூடியிருந்தது. மண் குதிரைகளுக்குக் கீழே ஜமுக்காளம் விரித்து, நடுவில் தாம்பாளம், வெற்றிலை, எலுமிச்சம்பழம். தெய்வநாயகி ஓர் ஓரத்தில், காட்டைப் பார்த்தபடி, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். என் பையில் எழுபத்து நாலு நூறு ரூபாய் நோட்டு. சைக்கிளில் வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்: ஒண்ணு, ரெண்டு, மூணு. ஒண்ணு, ரெண்டு, மூணு. இன்று ஒரு நாள் ஒண்ணு என்று தொடங்கினால் குடி முழுகிவிடாது.

"எண்ணி வையப்பா" என்றார் தட்சணாமூர்த்தி.

கட்டை விரலை நாக்கில் தொட்டு, முதல் நோட்டைத் தாம்பாளத்தில் வைத்தேன்.

"லாபம்" என்றேன்.

நாக்கு வழுக்கிவிட்டதா, நானாக விட்டுவிட்டேனா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. எழுபத்து நாலு நோட்டு வைக்கிற இடத்தில் ஒண்ணு என்று தொடங்க எட்டு வயதிலிருந்து பழகிய நாக்குக்கு வராது என்று சொல்லலாம். வேறு மாதிரியும் சொல்லலாம். "ரெண்டு, மூணு, நாலு" என்று வேகமாகப் போனேன். ஏழாவது நோட்டில் தெய்வநாயகியின் முதுகு அசைந்தது. எட்டில் திரும்பினாள்.

"நிறுத்து. மொதல்ல என்னா சொன்ன?"

"எட்டு."

"அதுக்கும் மொதல்ல. மொத நோட்டுக்கு."

அவள் வாத்தியார் பக்கம் திரும்பினாள்.

"வாத்தியாரே, அந்த லேபத்த மறுபடி எழுத்துக் கூட்டுங்க."

"எல், ஏ..." வாத்தியாரின் உதடு நின்றது. "பி, ஏ, எம். லே... லா..." அவர் நோட்டைப் பார்த்தார், தாம்பாளத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "லா-பம்."

"அன்னிக்கு மரத்த எண்ணினது யாரு? கலியந்தான?" என்றாள். "கலியன் எங்க?"

"திண்டிவனம் போயிருக்கான்" என்று யாரோ சொன்னார்கள். "நம்ம தொட்டிக்காரர்தான் அனுப்பிச்சாரு."

அவள் கிட்டே வந்து நின்றாள். நான் உட்கார்ந்திருந்ததால் அவளை அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது.

"நீயே சொல்லு. கலியன் மரத்த தொட்டு லாபம்னா என்னா அர்த்தம்?"

தலைமுறை தலைமுறையாக எங்கள் வீட்டில் எவனும் பணத்துக்கு முன்னால் சொல்லாத வார்த்தையை, தாம்பாளத்தில் எட்டு நோட்டு கிடக்க, நான் சொன்னேன்.

"ஒண்ணு."

பிறகு கொஞ்ச நேரம் எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். பழைய கணக்கு தப்பென்றால் புதுக் கணக்கும் தப்பாக இருக்கலாமே என்றார் தட்சணாமூர்த்தி. லேபம் என்று தான் சொன்னது வேறு மரம், அது அனுமந்தைப் பக்கம் இருந்தது என்றார் சுப்ராயன். வாத்தியார் நாற்பதைக் கழித்துக் காட்டினார். இருபத்திரண்டு மரம் கூடுதல் என்று உரக்கப் படித்தபோது, தர்மகர்த்தா வெற்றிலையை எடுத்து மென்றார். நான் எட்டு நோட்டையும் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன். அப்போது எண்ணவில்லை.

தெய்வநாயகி நன்றி எதுவும் சொல்லவில்லை. "நாளைக்கு சுள்ளி கட்டுக்கு அஞ்சு பைசா ஏத்தப்போறேன்" என்றாள். "ஊருல போட்டிக்கு சரக்கு இல்லியாம், கேள்விப்பட்டேன்."

வாத்தியார் விடுகிறவர் இல்லை. புரொபசருக்குத் திருத்திய கணக்கை அனுப்பியே தீர வேண்டும் என்று, அடுத்த வாரம் என்னையும் அவளையும் ஸ்கூலுக்குக் கூப்பிட்டார். பெஞ்சில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். சிவப்பு வளையத்தோடு செத்துக் கிடந்தவை, வளையம் இல்லாமல் புதிதாக அடி கண்டவை என்று தனித்தனியே பார்த்துக் கூட்டினோம். மூன்று முறை கூட்டியும் நேராகவில்லை; மூன்று மரம் கூடுதலாக வந்தது. மூன்றை எங்கேயாவது தள்ளிவிடலாமா என்று வாத்தியார் கேட்டார். கூடாது என்றேன் நான். கல்லாவில் குறைந்தால் திருடன் யாரென்று தேடலாம். கூடினால் யாரை ஏமாற்றினோம் என்று தேட வேண்டும், அது இன்னும் கஷ்டம்.

"செத்ததுல எழுதின மூணு துளுத்து, இருக்கறதுலயும் நிக்குதோ என்னமோ" என்றாள் தெய்வநாயகி. போய்ப் பார்த்தோம். துளிர்த்த அடிக்கட்டை பதினாறு இருந்தது. எந்த மூன்று என்று அவளுக்கும் தெரியவில்லை. உள்ளது உள்ளபடி எழுதி அனுப்பினோம்:

எழுபத்து நாலில் நோட்டில் எழுதியது — 1,316
அதில் 'லாபம்' என்ற எண்ணை மரமாக எழுதியது — 40
அன்று இருந்தது — 1,276
நாலு வருஷத்தில் செத்தது — 112
மீதி — 1,164
புதிதாகச் சேர்ந்தது — 131
இருக்க வேண்டியது — 1,295
எண்ணிக் கண்டது — 1,298
கூடுதல் — 3. யாருக்குத் தர வேண்டியது என்று தெரியவில்லை. பாக்கி.